கரையேறிய மூச்சு

சாப்பிடும்போது புரையேறினால் எங்கள் வீட்டில் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ உன்ன நெனைச்சிக்கிறாங்க" என்பார்கள். நம்மை யார் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், புரையேறுவதற்கு மிகப் பழைய காரணம் ஒன்று உண்டு. சோறு போகும் வழியும் காற்று போகும் வழியும் நம் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. மூக்கு மேலே இருக்கிறது. மூச்சுக்குழாயோ கழுத்தின் முன்பக்கம். வாய் கீழே இருக்கிறது, உணவுக்குழாயோ பின்பக்கம். ஒவ்வொரு கவளம் இறங்கும்போதும் குரல்வளையின் மேல் ஒரு மூடி கவிந்து, மறுபடி திறக்க வேண்டும். அது ஒரு கணம் பிந்தினால் புரை.

இந்தக் குறுக்குச் சந்து எப்படி வந்தது? கருவில் நான்காவது வாரத்தில் நுரையீரல் தொடங்கும் இடத்தைப் பார்த்தால் தெரியும். உணவு போகும் குழாயின் அடிச்சுவரில் அது ஒரு சின்ன மொட்டாகப் புடைக்கிறது. பிறகு இரண்டாகக் கிளைக்கிறது. நம் மூச்சு உணவுப்பாதையில் வெடித்த ஒரு கிளை. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை வாயால் விழுங்கிய மீன்களின் தொண்டையில் தொடங்கிய ஏற்பாடு அது. நாம் அதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதுகெலும்புள்ள உயிர்கள் நீரிலிருந்து நிலத்துக்கு வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காலில் தொடங்குவார்கள். துடுப்பு காலானது, மீன் நடந்தது, கரையேறியது என்று. எனக்கு அதை மூச்சில் தொடங்கித்தான் சொல்லத் தோன்றுகிறது. மூச்சுதான் முதலில் வந்தது. கால் வெகு காலம் கழித்து வந்தது. கரை எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசை எனக்குப் புத்தகத்தில் புரிவதற்கு முன்பே தாமல் ஏரிக்கரையில் கண்ணில் பட்டிருந்தது. பார்த்தபோது அது இன்னதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தாமல் வரும். சாலையை ஒட்டியே ஏரி. ஐப்பசி கார்த்திகை மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் பேருந்து ஜன்னல் வழியே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். மழை பொய்த்த வருஷத்தின் சித்திரையில் அதே இடத்தில் மாடு மேயும். இந்தப் பக்கத்து ஊர்களின் வாழ்வு ஏரியைச் சுற்றிக் கட்டப்பட்டது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்ற குழுவைக் குடவோலை எடுத்துத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை நிறைந்து, ஒருமுறை வற்றும் நீர்நிலைக்குக் காவல் வேண்டும் என்று மனிதர்கள் போட்ட ஏற்பாடு அது. அதே நிறைவுக்கும் வற்றலுக்கும் மீன்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு அதைவிட மிகவும் மூத்தது.

ஒரு ஐப்பசி மாலை. நாள் முழுக்கப் பெய்த மழை தூறலாகி இருந்தது. ஏரிக்கரைக்கும் கழனிக்கும் நடுவே இருந்த புல்தரையில் ஏதோ சரசரத்தது. பாம்பு என்று பின்வாங்கினேன். உள்ளங்கை நீள மீன் ஒன்று, கரும்பச்சை முதுகோடு, புல்லின் நடுவே ஒருக்களித்து ஒருக்களித்து முன்னே போய்க்கொண்டிருந்தது.

"தாத்தா, மீனு!"

"பனையேறிடா அது. கைய வெக்காத, செவுள் கிழிச்சிரும்."

"தண்ணி இல்லாம செத்துப்போவாதா?"

"மழ உடற வரைக்கும் இதுவும் அதுக்குத் தண்ணிதான் கண்ணு. பாரு, செவுளாலதான் நடக்குது."

தாத்தா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. பனையேறிக் கெண்டையின் செவுள் மூடியின் ஓரத்தில் ரம்பப் பல் போல முட்கள் உண்டு. அந்த மூடியை அகல விரித்து மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, உடலை முன்னே தள்ளுகிறது. மறுபடி ஊன்றுகிறது. அவர் துண்டை நனைத்து அதைப் பிடித்து, கழனிப்பக்கமே விட்டார். ஏரிப்பக்கம் திருப்பி விடவில்லை. "அது போற எடம் அதுக்குத் தெரியும்" என்றார்.

இந்த மீனின் தமிழ்ப் பெயர் உலகம் சுற்றிய பெயர். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில், டேனிஷ் கம்பெனியின் படையில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவர், குளத்தோரம் நின்ற ஒரு பனைமரத்தின் பட்டை வெடிப்பில் இந்த மீனைப் பார்த்தார். நீர்மட்டத்துக்கு மேல் ஐந்தடி உயரத்தில் இருந்ததாகவும், செவுள் மூடியின் முள்ளைக் குத்தி, வாலை வளைத்து, அடித்துடுப்பின் முள்ளை ஊன்றி மேலும் ஏறியதாகவும் எழுதினார். அந்தக் குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியானது. அதே தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இங்கத்து மீன்களைப் பெர்லினில் இருந்த மீனியல் அறிஞர் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பனையேறி என்று ஊர் மக்கள் சொன்ன பெயரும் ஐரோப்பிய நூல்களில் ஏறியது. இன்று அறிவியலில் அதன் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். அனபாஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஏறுவது என்றுதான் பொருள்.

பனை உச்சிக்கு ஏறிக் கள் குடிக்கும் என்றெல்லாம் பிறகு கதை வளர்ந்தது. அதில் உண்மையில்லை. காகமோ பருந்தோ தூக்கிப்போய் நழுவவிட்ட மீன் மர இடுக்கில் உயிரோடு கிடந்ததைப் பார்த்தும் அந்தப் பேச்சு வளர்ந்திருக்கலாம் என்று பின்வந்தவர்கள் விளக்கினார்கள். எனக்கு ஏறியதைவிட அந்த உயிரோடு கிடந்ததுதான் பெரிய விஷயம். பருந்தின் நகத்திலிருந்து விழுந்து, மரத்தின் மேல் காய்ந்த காற்றில் கிடந்து, ஒரு மீன் எப்படிச் சாகாமல் இருக்கிறது?

சந்தைக்குப் போனால் இந்தக் கேள்வி குண்டானுக்குள் கிடக்கும். கட்லாவும் கெண்டையும் ஐஸ் மேல் செத்துக் கிடக்க, விரால் மட்டும் அலுமினியக் குண்டானில், முதுகு நனையும் அளவு தண்ணீரில், உயிரோடு சுருண்டிருக்கும். தேளியும் அப்படித்தான். வியாபாரி நாலு கல் தூரம் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தாலும் அவை சாகாது. வாங்குபவர்கள் அதைப் புதுசுக்கு அடையாளமாகப் பார்க்கிறார்கள். அது மூச்சுக்கு அடையாளம். குண்டானில் உள்ள விரால் சும்மா இருப்பதில்லை; சில நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கை மேலே நீட்டி, 'பொளக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். வளர்ந்த விராலை வலை போட்டு மேலே வரவிடாமல் அமுக்கி வைத்தால், நீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும். விராலுக்கு அது உண்மை.

காற்றை விழுங்கும் தேவை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு எளியது. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நம் வெயிலுக்கு 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல நீரில் 5 மில்லிலிட்டர் சொச்சம்தான் கரையும். நீர் சூடாக ஆக அதுவும் குறையும். ஏரி வற்றும் மாதங்களில் நீர் தேங்கிச் சூடாகிறது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களின் சருகு அடியில் மக்குகிறது. மக்கும்போது உள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. இரவில் பாசியும் ஆக்சிஜனைத் தராமல் எடுக்க மட்டுமே செய்யும். அதனால்தான் விடிகாலையில் குட்டைக்குப் போனால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். சூரியன் ஏறுவதற்குள் சில செத்து மிதக்கும். தலைக்கு மேல் ஒரு முழத்தில் நாற்பது மடங்கு வளமான காற்று இருக்கிறது. அதை எடுக்கத் தெரியாமல் சாகின்றன.

எடுக்கத் தெரிந்தவை எத்தனை விதமாக எடுக்கின்றன என்பதை நம் ஏரி மீன்களை வைத்தே பார்த்துவிடலாம். செவுள் காற்றில் பயன்படாது. நீரில் மயிரிழைபோல் விரிந்து நிற்கும் அதன் இதழ்கள், வெளியே வந்ததும் நனைந்த பக்கங்கள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே வேறு இடம் வேண்டும். விரால் தன் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு அறையை வைத்திருக்கிறது; அதன் சுவரெல்லாம் ரத்த நாளம். பனையேறி, முதல் செவுள் வளைவின் மேலெலும்பை மடித்து மடித்துக் காலிஃப்ளவர் போல ஒரு புதிர்ப்பாதை உறுப்பாக ஆக்கிக்கொண்டது. தேளிக்கு செவுள் அறையிலிருந்து முதுகெலும்பின் இருபுறமும் வால் பக்கம் வரை இரண்டு நீண்ட காற்றுப் பைகள். அயிரை இனத்து மீன்கள் இன்னும் நேராகப் போய்விட்டன. காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசித்து, மிச்சத்தைப் பின்வழியாக விட்டுவிடுகின்றன. நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் நாலு மீனில் நாலு வெவ்வேறு கண்டுபிடிப்புகள்!

இந்த மீன்களை ஆராய்வதில் இந்தியர்களின் பங்கு பெரியது. பி. கே. தாஸ் 1927இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில், இந்தியாவின் காற்றுச் சுவாச மீன்களின் வாழ்க்கையையும், அந்த உறுப்புகள் குஞ்சிலிருந்து எப்படி வளர்கின்றன என்பதையும் எழுதினார். பிறகு பாகல்பூரில் ஜே. எஸ். தத்தா முன்ஷி, இங்கிலாந்தின் ஹியூஸோடு சேர்ந்து, ஒவ்வொரு உறுப்பின் பரப்பையும் அளந்து பல ஆண்டுகள் வேலை செய்தார். பள்ளிப் பாடத்தில் ஆஸ்திரேலிய, ஆப்பிரிக்க மீன்களைப் படிக்கும் நம் பிள்ளைகள், தங்கள் ஊர் விராலைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல் வெளியே வருவது எனக்கு வருத்தம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். விராலும் பனையேறியும் நம் முன்னோர் இல்லை. நம் கிளை அவற்றின் கிளையிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது. அவை தங்கள் வழியில், பின்னாளில், அதே சிக்கலுக்குத் தனியாக விடை கண்டவை. அதனால்தான் அவற்றின் உறுப்புகள் தலையிலும் செவுளிலும் இருக்கின்றன. நம்முடையது மார்பில் இருக்கிறது. ஆனால் சிக்கல் அதே சிக்கல்: சூடான, தேங்கிய, இலை மக்கிய நீர்.

நம் வழியின் தடயம் அடுப்படியிலேயே கிடைக்கும். கெண்டை மீனை அரியும்போது வயிற்றுக்குள்ளிருந்து நடுவில் இறுகிய வெள்ளை பலூன் ஒன்று வரும். சின்ன வயதில் அதைக் காலால் மிதித்து வெடிக்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. மீன் நீரில் மிதக்கவும் தாழவும் உதவும் காற்றுப்பை அது. இந்தப் பைதான் பிறகு நுரையீரல் ஆனது என்று டார்வின் 1859இல் எழுதினார். பை, நுரையீரல் இரண்டும் ஒரே மூலம் என்ற அவருடைய கணிப்பு சரி, வரிசைதான் தலைகீழ். நுரையீரல்தான் மூத்தது. எலும்புள்ள மீன்களின் பழைய கிளைகளில் எஞ்சியிருக்கும் ஆப்பிரிக்காவின் பாலிப்டெரஸுக்கு, நம்மைப் போலவே உணவுக்குழாயின் அடியிலிருந்து கிளைத்த இரட்டை நுரையீரல் இருக்கிறது. 'நுரையீரல் மீன்கள்' என்ற இனத்துக்கும் அது உண்டு. பின்னாளில் ஆழமான, காற்றோட்டமான நீருக்குப் போன மீன்களுக்கு அது மூச்சுக்குத் தேவைப்படவில்லை, மிதவையாக மாறிவிட்டது. நாம் மிதித்து வெடித்தது, வேலை மாறிப்போன ஒரு நுரையீரல்.

நுரையீரல் மீன்கள் இன்று ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களில் மட்டுமே இருக்கின்றன. உயிரோடிருக்கும் மீன்களில் நமக்கு மிக நெருங்கிய உறவு அவைதான். ஆப்பிரிக்க இனம் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, தன் வழுவழுப்பாலேயே ஒரு உறை பின்னிக்கொண்டு, மழை வரும் வரை ஆண்டுக்கணக்கில் உறங்கும். நுரையீரல் மீன்கள் இந்தியாவிலும் இருந்தன. தெலங்கானாவில் கோதாவரிப் பள்ளத்தாக்கின் மாலேரிப் பாறைகளில், 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவற்றின் பல்தட்டுகள் கிடைத்து, 19ஆம் நூற்றாண்டிலேயே விவரிக்கப்பட்டன. விசிறி மடிப்புப் போன்ற அந்தப் பற்கள்தான் நம் மண்ணில் அவற்றின் நினைவு.

ஆக, நம் முன்னோர் மீன்களுக்குக் கால் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நுரையீரல் இருந்தது. அப்படியானால் கால்?

தாத்தாவோடு பார்த்த அந்த மீனை நினைத்துக்கொண்டு படிப்பவனுக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ரோமர் சொன்ன விளக்கம் உடனே மனசில் ஒட்டிக்கொள்ளும். குளங்கள் வற்றிய காலத்தில், அடுத்த குளத்துக்குப் போய்ச் சேர்வதற்காகவே, அதாவது தொடர்ந்து நீரில் வாழ்வதற்காகவே, மீன்களுக்குக் கால் வந்தது என்பது அவர் வாதம். தாமலில் பார்த்த எனக்கு அதைவிடச் சரியான விளக்கம் இருக்க முடியாது என்று பல வருஷம் தோன்றியது. பாடநூல்களும் அப்படித்தான் சொல்லின.

கேம்பிரிட்ஜின் ஜென்னி கிளாக் 1987இல் கிழக்கு கிரீன்லாந்துக்குப் போய்க் கொண்டுவந்த கற்கள் அதை மாற்றின. அவற்றில் இருந்தது அகாந்தோஸ்டெகா. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் கையில் எட்டு விரல்கள்! ஐந்து விரல் என்பது ஆதியிலிருந்தே வந்த அளவு என்று நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அதைவிட முக்கியம், விரலுள்ள அந்தப் பிராணிக்கு உள்ளே மீனுக்கு இருப்பது போன்ற செவுள்கள் இருந்தன. வாலில் நீந்தும் துடுப்பு இருந்தது. கைகளோ உடலைத் தூக்கி நிறுத்தும் வலு இல்லாதவை. அது நிலத்தில் நடக்கவில்லை. நீருக்குள், செடிகொடிகளின் நடுவே, ஆழமற்ற இடத்தில் தரையை உந்தி, தலையை மேலே நீட்டி, காற்றை விழுங்கி வாழ்ந்தது. கால் கரைக்காக வரவில்லை. நீரிலேயே வந்தது.

ரோமரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்தால், அகாந்தோஸ்டெகா காட்டுவது குண்டானில் விரால் செய்வதைத்தான். முட்டி அளவு நீரில் கிடந்து காற்றுக்காக மேலே வரும் மீனுக்கு, தலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஊன்றுகோல் வேண்டும். அந்த ஊன்றுகோல்தான் கால்.

கழுத்து வந்ததும் இதே ஓட்டத்தில்தான். நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் குழுவினரும் 1999 முதல் கனடாவின் வடகோடி உறைபனித் தீவுகளில் தேடி, 2004இல் எல்ஸ்மியர் தீவில் ஒரு மீனைக் கண்டெடுத்தார்கள். 2006இல் அதற்கு டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பகுதி இனுவிட் மக்களின் மொழிச் சொல் அது. வயது 37.5 கோடி ஆண்டு. செதிலும் செவுளும் துடுப்பும் உள்ள மீன்தான். ஆனால் தலை முதலைபோலத் தட்டை, கண் மேலே, துடுப்புக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு என்று நம் கையின் எலும்பு வரிசை. பெரும்பாலான மீன்களில் தலையும் தோளும் எலும்பால் பூட்டியிருக்கும். இதில் அந்தப் பூட்டு கழன்றிருந்தது. உடலைத் திருப்பாமல் தலையை மட்டும் தூக்கவும் திருப்பவும் முடிந்தது. பனி மூடிய அந்த இடம் அன்று நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சூடான ஆற்றங்கரைச் சமவெளியாக இருந்தது. அன்றுதான் பூமியில் முதல் காடுகள் வளரத் தொடங்கியிருந்தன. அவற்றின் சருகு ஆறுகளில் விழுந்து மக்கியது. நம் ஏரியின் சித்திரை மாதம் அன்று பல லட்சம் ஆண்டுகள் நீடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

டிக்டாலிக்கின் தலை மேல், கண்ணுக்குப் பின்னால், இரண்டு பெரிய துளைகள் இருக்கின்றன. பாலிப்டெரஸ் இன்றும் அதே துளைகளால் காற்றை உள்ளிழுக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். நமக்கும் அந்தத் துளை இருக்கிறது, நடுக்காதின் அறையாக. அதை அடுத்து மீனின் தாடையைத் தாங்கிய எலும்பு, நம் காதில் ஒலியைக் கடத்தும் அங்கவடி எலும்பாகச் சுருங்கிவிட்டது. கண்ணும் இப்படித்தான். மால்கம் மெக்ஐவரும் லார்ஸ் ஷ்மிட்ஸும் 2017இல் பழைய மண்டையோடுகளை அளந்து பார்த்தபோது, கால் முழுசாக வருவதற்கு முன்பே கண்குழி ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது தெரிந்தது. கலங்கிய நீருக்குள் எவ்வளவு பெரிய கண்ணும் தூரத்தைப் பார்க்காது. நீருக்கு மேலே வந்த கண்தான் கரையில் ஓடும் பூரானையும் மரவட்டையையும் பார்த்தது.

இந்த வரிசையில் ஒரு முரணும் உண்டு. போலந்தின் ஜகேல்மி கல்குவாரியில், டிக்டாலிக்குக்கும் ஒன்றரைக் கோடி ஆண்டு முந்தைய பாறையில் நான்கு காலின் தடங்கள் பதிந்திருப்பதாக 2010இல் அறிவித்தார்கள். அவை காலடித் தடங்களே இல்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். தடங்கள் உண்மை என்றால், டிக்டாலிக் நம் நேர் மூதாதை ஆகாது. ஒரு பழைய வடிவத்தைக் காத்து வைத்திருந்த பங்காளி. முன்னோர் யார் என்பதைவிட அவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த வழியில் சந்தேகம் இல்லை.

பழக்கம் உடலை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஒரு சோதனை. மெக்கில் பல்கலைக்கழகத்தில் எமிலி ஸ்டாண்டனும் குழுவினரும் பாலிப்டெரஸ் குஞ்சுகளை ஏறத்தாழ எட்டு மாதம் ஈரத் தரையில் வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். நீரில் வளர்ந்தவற்றைவிட அவை தலையை உயர்த்தி, துடுப்பை உடலுக்கு நெருக்கமாக ஊன்றி, வழுக்காமல் நடந்தன. தோள் எலும்புகளின் வடிவமே மாறியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் உடல் இவ்வளவு இசைந்து கொடுக்கிறது. மழையில் கழனிக்குப் போன அந்தப் பனையேறியை நினைத்துக்கொண்டேன்.

கரையேறிய பிறகும் மூச்சு உடனே மாறவில்லை. மழைக்காலத்தில் வீட்டு வாசலுக்கு வரும் தேரையின் தொண்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துடித்துக்கொண்டே இருக்கும். வாயின் அடித்தளத்தைத் தாழ்த்தி மூக்கால் காற்றை நிரப்பி, மூக்கை மூடி, அடித்தளத்தை உயர்த்திக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. விரால் விழுங்குவதும் அதே வாய்தான். விலா எலும்பை விரித்து மார்பால் காற்றை இழுப்பது ஓணான், பல்லி வழியில் வந்தவர்கள் கற்றது. அவர்கள் நீரையே ஓட்டுக்குள் அடைத்து முட்டையாக இட்ட பிறகுதான் ஏரியை முழுதாக விட முடிந்தது. தவளை இன்றும் முட்டையிட ஏரிக்கே திரும்புகிறது.

தாமலில் வராகீசுவரர் கோயில் இருக்கிறது. பன்றி வடிவெடுத்த திருமால் சிவனை வழிபட்ட தலம் என்பார்கள். மீன், ஆமை, பன்றி என்று வரும் அவதார வரிசையைக் காட்டி, பரிணாமம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கதை நீரில் மூழ்கிய பூமியை மீட்கும் கதை. அதன் பொருள் அதற்குள்ளேயே நிறைவாக இருக்கிறது. பாறையிலும் கருவிலும் படித்து அறிந்தது வேறு வகை அறிவு. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

எனக்குக் கவலை வேறு. ஏரிக்கும் கழனிக்கும் நடுவே இருந்த மண் வாய்க்கால்கள் பல ஊர்களில் செங்குத்துச் சுவர் வைத்த சிமென்ட் கால்வாய் ஆகிவிட்டன. தண்ணீர் வீணாகாமல் போகிறது, சரி. ஆனால் ஈர மண்ணில் செவுளை ஊன்றி ஏறும் மீன் அந்தச் சுவரில் எதை ஊன்றும்? இன்னொரு கவலையும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. அதுவும் காற்றைச் சுவாசிப்பது, மழையில் தரைமேல் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகக்கூடியது, எதிர்ப்பட்ட மீனையெல்லாம் தின்பது. திருட்டுத்தனமாக வளர்த்த குட்டை ஒன்று மழையில் வழிந்தால் போதும், அது ஏரிக்குள் வந்துவிடும். பனையேறிக்காக மண் வாய்க்கால் ஒன்றாவது இருக்கும்படி கால்வாய் வேலை செய்ய முடியாதா என்று ஏரிப்பாசனத்தில் பொறுப்புள்ளவர்கள் யோசிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிவாக விட்டாலே போதும்.

ஏரி நிறைந்த ஒரு மார்கழிக் காலையில் போயிருந்தேன். கோரைக்கு ஓரமாக நீரின் மேல் செம்மஞ்சள் திட்டு ஒன்று, காற்றில்லாமலே நகர்ந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். பிறக்கும்போது அவற்றுக்கு மூச்சு நீரிலிருந்து மட்டும்தான். தலைக்குள் அந்த அறை உருவாகச் சில வாரங்கள் ஆகும். கீழே கறுப்பாக ஒரு பெரிய உருவம் அசையாமல் காவல் நின்றது. திட்டின் ஓரத்தில் ஒரு குஞ்சு மேலே வந்து, நீரைத் தொட்டு, வாயைத் திறந்து மூடிவிட்டுக் கீழே போனது. பிறகு இன்னொன்று. பிறகு மழைத்துளி விழுவது போல அந்த இடம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள்.